தோமாவை மட்டும் ஏன்?
இயேசுவின் சீடர் தோமாவைப் பற்றிய கட்டுரையில், "உயிர்த்தெழுதலை நம்ப மறுத்த ஒரே சீடர் தோமா" என்று இருப்பது சரியில்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கல்லறையிலிருந்து வந்து பெண்கள் சொன்னபோது மற்றவர்களும் அதை வீண்பேச்சு என்றுதான் தள்ளினார்கள் (லூக்கா 24:11). அப்புறம் இயேசுவே வந்து கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார். அந்த நேரம் தோமா அங்கே இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் இவரும் கேட்டார். மேலே கருத்து எழுதிய ஒருவர், தோமா இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்த பிறகே நம்பினார் என்கிறார். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ போன்றவர்களின் ஓவியங்களில்தான் விரல் உள்ளே போகிறது. இந்தச் சம்பவத்தைச் சொல்லும் யோவான் நற்செய்தியில் அப்படி இல்லை. "தொட்டுப் பார்" என்று இயேசு சொன்னதும் தோமா நேரே "என் ஆண்டவரே, என் தேவனே" என்கிறார். சரி, இறந்துபோன நண்பர் லாசருவுக்காக இயேசு யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்களே என்று மற்றவர்கள் தயங்கியபோது, இயேசுவோடு சாக நாமும் போவோம் என்ற ஆளும் இதே தோமாதானே (யோவான் 11:16)? எங்கள் ஞாயிறு பள்ளியில் அதை யாரும் சொல்லித்தரவில்லை, கட்டுரையிலும் காணோம்.