பின்சீட்டில் குழந்தை இருந்தால் ஞாபகத்தை நம்பாதீர்கள்

வெயிலில் நிறுத்தியிருந்த காரில் குழந்தை இறந்துவிட்டது என்று செய்தி வந்தால் கமெண்ட்டில் முதலில் விழுவது, "இவங்கெல்லாம் பெத்தவங்களா?" என்ற கேள்வி. அந்தக் கோபம் ஒரு குழந்தையையும் காப்பாற்றாது. அமெரிக்காவில் 2018, 2019 இரண்டிலும் ஆண்டுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி இறந்துபோனார்கள். அங்கே பதிவான மொத்த மரணங்களில் பாதிக்கு மேல், பொறுப்பான பெரியவர்கள் மறந்துபோனதால் நடந்தவை.

மறதி வரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கமாக அம்மா டே கேரில் விடுவார், அன்று மட்டும் அப்பா. ராத்திரி சரியான தூக்கமில்லை. வழியில் குழந்தை தூங்கிவிடுகிறது. பின்பக்கம் பார்த்தபடி பொருத்திய குழந்தை இருக்கையில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரைவர் கண்ணுக்குத் தெரிவது அதன் முதுகு மட்டுமே. கை பழக்கத்தில் ஆபீஸுக்குத் திருப்பிவிடுகிறது. பிள்ளையை விட்டாயிற்று என்றே மனசும் நம்பிவிடுகிறது.

அதற்குள் கார் சூடாகிவிடும். முதல் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். "ரெண்டே நிமிஷம், தூங்கட்டும்" என்பதும் கூடவே கூடாது.

பல கார்களில் இப்போது பின்சீட் நினைவூட்டல் வருகிறது. அதில் பெரும்பாலானவை பின்கதவு திறந்ததா என்பதை மட்டுமே பார்க்கும். உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. பையை எடுத்து வைத்தாலும் ஒலிக்கும். அதனால் நாளாக நாளாக யாரும் கவனிக்க மாட்டார்கள். மூச்சின் அசைவையே கண்டுபிடிக்கும் ரேடார்தான் உருப்படியானது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப், 2023 முதல் குழந்தையைக் கண்டறியும் வசதிக்கு மதிப்பெண் தருகிறது. இத்தாலியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் இருக்கைக்கு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஜப்பானில் 2023 ஏப்ரல் முதல் மழலையர் பள்ளிப் பேருந்துகளிலும் கட்டாயமாக்கினார்கள். அந்தப் பேருந்துக் கருவிகளில் ஒரு வகை, இன்ஜினை நிறுத்தியதும் அலாரம் அடிக்கும்; அணைக்கும் பொத்தான் கடைசி சீட்டுக்குப் பின்னால். டிரைவர் நடந்துபோய்த்தான் ஆக வேண்டும், போகிற வழியில் ஒவ்வொரு சீட்டும் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கருவி இல்லாத காரில் இடது செருப்பையோ ஆபீஸ் அடையாள அட்டையையோ பின்சீட்டில் போடுங்கள்; இறங்கும்போது அதை எடுக்கப் பின்சீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம் டே கேரோடு பேசி வைப்பது: வழக்கமான நேரம் தாண்டி 15 நிமிடத்தில் குழந்தை வரவில்லையென்றால் அவர்களே அம்மா, அப்பா இருவருக்கும் போன் செய்ய வேண்டும். மெசேஜ் போதாது, யாராவது எடுக்கும்வரை அழைக்க வேண்டும்.

விளையாட ஏறி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுங்கள், சாவி கைக்கு எட்டக் கூடாது. குழந்தையைக் காணோமென்றால் முதலில் கார், டிக்கி இரண்டையும் பாருங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களையும் தனியே உட்கார வைத்துப் போகாதீர்கள். கதவைத் திறக்கத் தெரியாமல் போகலாம்.

யாராவது மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால் அவசர உதவியை அழைத்துவிட்டு, அவர்களுக்குத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது. வெளியே எடுத்து நிழலில் கிடத்தி, துணியைக் களைந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.