சனி எங்கே இருக்கிறது? "எல்லாமே தியரிதானே" என்பவர்களுக்கு

"மதம் ஒரு தியரி, நாத்திகம் ஒரு தியரி, சயின்ஸும் ஒரு தியரி. அவங்கவங்க நம்பறது அவங்கவங்களுக்கு." வாக்குவாதம் முற்றும்போது யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிப் பந்தியை முடித்துவைப்பார். கேட்க இதமாகத்தான் இருக்கும். மூவருக்கும் சமமாக இலை போட்டாயிற்று, யார் மனமும் நோகவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த மூன்றில் தியரி என்ற பெயருக்கு உரியது ஒன்றுதான். மற்ற இரண்டையும் அப்படி அழைப்பது அவற்றுக்கே செய்யும் அநியாயம்.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் தியரி என்றால் பிராக்டிகல் அல்லாத பரீட்சைத் தாள். இல்லாவிட்டால் ஊகம்: "அவன் ஏன் வேலைய விட்டான்னு என்கிட்ட ஒரு தியரி இருக்கு." அறிவியலில் ஊகத்துக்குத் தனிப் பெயர் உண்டு, கருதுகோள். தியரி, அதாவது கோட்பாடு என்பது அதைவிடப் பெரிய கட்டுமானம். நிரூபணமானதும் தியரி "லா"வாகப் பதவி உயர்வு பெறும் என்று பள்ளியில் பலரும் மனதில் பதித்துக்கொண்டது தவறு. வெப்பநிலை மாறாமல் வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் பருமன் பாதியாகும் என்பது பாயில் விதி. ஏன் அப்படி என்று அந்த விதிக்குத் தெரியாது. மூலக்கூறுகள் சுவரில் மோதும் கணக்கைப் போட்டு ஏன் என்று சொல்வது வாயுக்களின் இயக்கக் கோட்பாடு. விதி என்ன நடக்கிறது என்று சொல்லும், கோட்பாடு காரணம் சொல்லும். ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

கோட்பாடு என்ற பெயரை வாங்க ஒரு விலை கொடுக்க வேண்டும். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன அளவுக்கு இது தெரியாவிட்டால் நான் சொன்னது தவறு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே இருக்கிறது.

2023இல் சனிப்பெயர்ச்சி எப்போது? வானில் தெரிவதோடு ஒத்துப்போகக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. பழைய மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் விழா டிசம்பரில் நடந்தது. அடுத்து மீனத்துக்குப் போனதும் இப்படியே: ஒன்றில் 2025 மார்ச் 29, மற்றதில் 2026 மார்ச் 6. சனி ஒன்றுதான். தேதியில் மட்டும் பதினொரு மாத வித்தியாசம்.

"ரெண்டும் ரெண்டு தியரி, ரெண்டும் சரி" என்று விட்டுவிடலாமா? இங்கே வாக்கியக்காரர் பக்கம் ஒரு நியாயமான வாதம் உண்டு. வானத்தில் ராசிக்கு வேலி போட்டு வைக்கவில்லை. மேஷம் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்தத் தொடக்கப் புள்ளியை வைக்கும் அயனாம்சம் என்ற திருத்தத்தில் ஆளுக்கொரு கணக்கு இருப்பதும் இதனால்தான். "எங்க எல்லைக்கல் வேற" என்று அவர் சொன்னால், எந்தத் தொலைநோக்கியாலும் அதை மறுக்க முடியாது.

எல்லைக்கல்லை எங்கே நட்டாலும் மாறாத ஒன்று இருக்கிறது: இரண்டு கோள்களுக்கு இடையே உள்ள தூரம். 2020 டிசம்பர் 21 மாலை குருவும் சனியும் 0.1 பாகை இடைவெளியில், முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில், மேற்கு வானில் ஒட்டிக்கொண்டு நின்றன. மேகம் இல்லாத ஊர்களில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதே நாளில் வாக்கியக் கணக்கு என்ன சொன்னது? குரு நவம்பர் 15ஆம் தேதியே மகரத்துக்குப் போய்விட்டது. சனி டிசம்பர் 27 வரை தனுசுவை விட்டு நகரவில்லை. அந்தச் சமயத்தில் குரு நாளொன்றுக்குச் சுமார் 0.2 பாகை நகர்ந்துகொண்டிருந்தது. 36 நாளுக்கு 7 பாகை. ஆக, வாக்கியப்படி இரண்டுக்கும் இடையே குறைந்தது 7 பாகை, அதாவது 14 முழுநிலவுகளை வரிசையாக அடுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும். மகரத்தின் வாசல் இரண்டு கோளுக்கும் ஒரே வாசல் என்பதால் எல்லைக்கல் வாதம் இங்கே செல்லாது. குருவின் பெயர்ச்சியில் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் ஐந்து நாள்தான் வித்தியாசம் (திருக்கணிதத்தில் நவம்பர் 20). கோளாறு சனியின் கணக்கில்.

காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. சனி ஒரு சுற்று முடிக்கச் சுமார் 10,759 நாள் எடுக்கிறது. வாய்பாட்டில் அதன் சராசரி வேகத்தில் துளிப் பிசகு இருந்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பாகைக் கணக்கில் வந்து நிற்கும். அந்தக் காலத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேரளத்தின் பரமேஸ்வரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431இல் த்ருக்கணித முறையைத் தந்தார். "த்ருக்" என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகும் கணிதம் என்பதே பெயரின் பொருள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றே வாதாடினார். திருத்துவது மரபுக்கு விரோதம் என்று இன்று சொல்பவர்கள் எந்த மரபைச் சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை.

வாக்கிய முறையை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். சந்திரன் எந்த நாளில் எங்கே என்று சொல்லும் 248 வாக்கியங்கள் (மனப்பாடச் சொற்றொடர்கள்) அழகான கணக்கு. நிலவு பூமிக்கு அருகே வந்து மறுபடி அருகே வர 27.55 நாள், அப்படி 9 சுற்று கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். 1825இல் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், மனப்பாட வாய்பாடும் தரையில் பரப்பிய சோழிகளும் மட்டுமே கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்ததை, இந்தியக் காலக்கணிப்பைப் பற்றி நூல் எழுதிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். பிழை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. பிழையை நிமிடத்தில் சொல்ல முடிகிறதே, அதுதான் விஷயம். அந்தச் சோழிக் கணக்கு முழுத் தகுதியுள்ள கோட்பாட்டின் வேலை.

இதே அளவுகோலை ஐரோப்பாவிலும் வைத்துப் பார்ப்போம். யுரேனஸ் கோள் கணக்கு சொன்ன இடத்தில் நிற்காமல் இடறியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, இடத்தையும் குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் காலே தேடினார். ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. பிறகு புதன் இடறியது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் அதன் பாதை நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாகத் திரும்புகிறது என்று 1859இல் அதே லெவெரியே காட்டினார் (அமெரிக்க வானியலாளர் நியூகோம் பின்னர் 43 ஆக்கினார்). அதே மருந்தை மறுபடி கொடுத்தார்: சூரியனுக்கு அருகே வல்கன் என்றொரு கோள் இருக்கிறது. பார்த்துவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு கோளே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் புதுக் கோளே இல்லாமல் அந்த 43 விகலையைக் கணக்கில் வரவைத்தார்.

43 விகலை எவ்வளவு? ஒரு பாகைக்கு 3,600 விகலை. ஒரு நூறாண்டில் சேர்ந்த அந்தத் துளிக்காக, சூரியக் குடும்பம் முழுவதையும் இரண்டு நூற்றாண்டு ஆண்ட நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாடே கூண்டில் ஏற்றப்பட்டது. இங்கே 7 பாகையை "அது எங்க சம்பிரதாயம்" என்று தாண்டிப் போகிறோம்.

அறிவியல்காரர்கள் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. 1919 மே 29 கிரகணத்தில் சூரியனருகே விண்மீன் ஒளி 1.75 விகலை வளைய வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு, நியூட்டன் வழியில் போனால் 0.87. பிரேசிலின் சோப்ரால் ஊரில் ஒரு கருவி 1.98 காட்டியது, இன்னொன்று 0.93. இரண்டாவது வெயிலில் குவியம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்பட்டது. வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு பல காலம் நிலவியது. ஆனால் அந்தப் படத்தகடுகள் பத்திரமாக இருந்தன. 1979இல் நவீனக் கருவியால் மறுபடி அளந்தபோது ஐன்ஸ்டைன் பக்கமே வந்தது. சந்தேகப்பட்டவன் திரும்பவும் அளந்து பார்க்க முடிந்தது என்பதைத்தான் நான் மதிக்கிறேன்.

சரி, மதம்? திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகி எள் தீபம் ஏற்றும் மனுஷி சனி வானில் நிற்கும் இடத்தைப் பற்றி எந்தக் கூற்றும் வைக்கவில்லை. பயம், நேர்த்தி, வீட்டில் ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற தவிப்பு, எல்லோரும் ஒரே நாளில் கூடுவதில் கிடைக்கும் தைரியம் ஆகியவைதான் அங்கே இருக்கின்றன. அதைத் தியரி என்பது அம்மாவின் தாலாட்டைத் தியரி என்பது போல. விழா எந்த நாள் என்பதும் சமூகம் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வாக்கியப்படியே வைத்துக்கொள்ளட்டும், வானியலுக்கு அதனால் நஷ்டமில்லை.

பிரச்சினை தொடங்குவது "அஷ்டமச் சனி, ஆபரேஷனைத் தள்ளிப் போடு" என்னும்போது. அது உலகத்தைப் பற்றிய கூற்று. கூற்று வைத்தவர் சோதனைக்கு வந்தாக வேண்டும். வந்தும் இருக்கிறார்கள். வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகரின் குழு மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில் 200 ஜாதகங்கள்: 100 நன்றாகப் படிக்கும் மாணவர்களுடையவை, 100 மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை. ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகம். எது எந்த வகை என்று மட்டும் சொன்னால் போதும். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டினால் 50.

பிரார்த்தனையையும் சோதித்தார்கள். அமெரிக்காவில் மருத்துவர் பென்சனின் குழு, இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர், 2006இல் வெளியான முடிவு. தமக்காகப் பிரார்த்தனை உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில், பிரார்த்தனை கிடைத்தவர்களுக்குச் சிக்கல் 52 சதவீதம், கிடைக்காதவர்களுக்கு 51. உண்டு என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59. இதை வைத்துக் கடவுள் இல்லை என்று குதித்தவர்களும் அவசரக்காரர்களே. வீட்டார் தனியே செய்த பிரார்த்தனையை யாராலும் தடுக்க முடியாது, ஆகவே "பிரார்த்தனையே இல்லாத" குழு என்று ஒன்று உண்மையில் இல்லை. அந்நியர் செய்யும் கூடுதல் பிரார்த்தனைக்குத் தெரியும்படி பலன் இல்லை என்பது மட்டுமே அதிலிருந்து வரும் முடிவு.

நாத்திகத்துக்கு வருகிறேன். "கடவுள் உண்டு என்பதற்கு நீ தந்த சான்று போதாது" என்பது ஒரு பதில். பதில் கோட்பாடாகாது. அது எதையும் முன்கணிக்காது, எதற்கும் காரணம் சொல்லாது. அந்தச் சொல்லின் பழைய பொருளே வேறு: வேதத்தை ஏற்காதவன் நாத்திகன். உலகைப் படைத்த ஈசுவரன் வேண்டாம் என்ற மீமாம்சகர் (வேதச் சடங்குகளை ஆராய்ந்த தத்துவப் பள்ளியினர்) வேதத்தை ஏற்றதால் ஆத்திகர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் 1925இல் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய பிறகு நாத்திகம் ஒரு சமூகத் திட்டமாகவும் ஆனது. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் திருமணம் செல்லும் என்று 1967இல் வந்த சட்டத்திருத்தம் அதன் விளைவு. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்பதற்கு அதில் பதில் தேடுவது வீண்.

"கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்" என்கிற நாத்திக நண்பர்களுக்கு மட்டும் ஒன்று. மணிமேகலை காப்பியத்தில், காட்சி தவிர அனுமானத்தை ஏற்க மாட்டேன் என்று பூதவாதி (பூதங்களே எல்லாம் என்பவன்) வாதிடும்போது மணிமேகலை கேட்பது: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? எலெக்ட்ரானையும் யாரும் கண்ணால் கண்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. சயின்ஸும் ஒரு தியரிதான் என்கிறவர்களே, திருநள்ளாற்றின் மேலே செயற்கைக்கோள் 3 விநாடி நின்று போகிறது, நாசாவே வியந்தது என்று ஃபார்வர்டு செய்கிறார்கள். 700 கிலோமீட்டர் உயரத்தில் அது விநாடிக்கு 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. 3 விநாடி நின்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 22 கிலோமீட்டர் பின்தங்கிவிடும். நின்றதற்குப் பிறகு பழைய வேகத்தைக் கொடுக்க யாரும் இல்லாததால் கீழேதான் விழும்.

குருவும் சனியும் அடுத்துக் கூடுவது 2040 அக்டோபர் 31ஐ ஒட்டி, சூரிய உதயத்துக்கு முன், கிழக்கு வானில். இடைவெளி ஒரு பாகைக்குச் சற்று மேல், இரண்டு முழுநிலவு அகலம். அந்த வருஷத்து வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி, இரண்டிலும் அன்றைய குரு, சனி நிலைகளைக் கழித்துக் குறித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். ஐப்பசி மாதம், மேகம் இருக்கும். முன்னும் பின்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.