"உனக்கென்ன தம்பி, கோட்டா இருக்கு"

போன ஞாயிறு பந்தலூர் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழக்கமான டீக்கடை அண்ணன் என் கையிலிருந்த, அரசு வேலைத் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன தம்பி, கோட்டா இருக்கு, பாஸ் பண்ணினா போதும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்காலத்தில் என் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர். அதனால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கோட்டா எவ்வளவு? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 34ஆவது பிரிவு. அரசு வேலையில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். (1995 சட்டத்தில் 3.) அதில் பார்வைக்கு 1, செவித்திறனுக்கு 1, என்னைப் போல் கை கால் பாதிப்புள்ளவர்களுக்கு 1. கடைசி 1 சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என்று எல்லாரும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும். ஆக, நூறு வேலை இருந்தால் என் பிரிவுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கு என்னைப் போன்றவர்கள் மாநிலம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறோம் அண்ணே, எங்கே பாஸ் பண்ணினா போதும்?

"எங்க சாதிக்காரன் இடத்தை எடுத்துக்கறீங்க" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. இது கிடைமட்ட இடஒதுக்கீடு. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் அந்த வகுப்புக்குள்ள 26.5 சதவீதத்துக்குள்தான் என்னைக் கணக்கு வைப்பார்கள், எந்தச் சமூகத்தின் பங்கும் குறையாது. சரி, அது போகட்டும்.

நான் சொல்ல வந்தது படிக்கட்டைப் பற்றி.

ஒரு தேர்வுக்கு எனக்கு ஊட்டியில் சென்டர் விழுந்தது. காலை 9 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அன்று காலை பஸ் பிடித்து, கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று வளைந்து போய்ச் சேர்வது நடக்கிற காரியமில்லை. முந்தின நாளே கிளம்பி காந்தலில் சித்தி வீட்டில் தங்கினேன். தேர்வெழுதத் தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன், கொடுத்தும் இருந்தார்கள். போய்ப் பார்த்தால் ரோட்டோரம் கேட், கேட்டை ஒட்டி மேல் மாடி, தரைத்தளமோ கீழே பள்ளத்தில்! மலையில் பள்ளிக்கூடம் அப்படித்தானே கட்டுவார்கள். நாற்பத்து மூன்று படி. எண்ணிக்கொண்டே இறங்கினேன், எண்ணாமல் இறங்கினால் பயம். ஜூலை மாதம், படியெல்லாம் பாசி, ஊன்றுகோலின் அடி ரப்பர் வேறு தேய்ந்திருந்தது. பாதியில் வழுக்கி உட்கார்ந்தேன், ஹால் டிக்கெட் நனைந்தது. கைப்பிடிக் கம்பி இல்லை. கண்காணிப்பாளர் நல்லபடியாகத்தான் பேசினார், "நீங்க கேட்டபடி கிரவுண்ட் ஃப்ளோர்தானே சார் கொடுத்திருக்கோம்?" என்றார். அவர் பேப்பரில் எல்லாம் சரியாகவே இருந்தது. முதல் அரை மணி நேரம் விரல் நடுக்கத்தில் ஓஎம்ஆர் விடைத்தாளில் வட்டத்தை நிரப்ப முடியவில்லை.

கோத்தகிரியில் எனக்கொரு நண்பன், பார்வை இல்லாதவன். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஓர் ஆளும் அவனுக்கு உண்டு. வந்தவர் குறளைச் சீர் பிரிக்கத் தெரியாமல் ஒரே மூச்சில் படித்தாராம். "மச்சான், குறள் எனக்கு மனப்பாடம், அவர் வாயிலிருந்து வந்தது எந்தக் குறள்னுதான் தெரியல" என்று சிரித்தான். கூடுதல் நேரம் முழுக்க, திரும்பப் படிக்கச் சொல்லியே தீர்ந்துபோயிருக்கிறது.

நீதிமன்றம் நமக்காக நிறையவே பேசியிருக்கிறது. தேர்வில் சொல்வதை எழுத ஆள் பெற, 40 சதவீதக் குறைபாடு உண்டு என்ற சான்று கட்டாயமில்லை என்று 2021இல், விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார்வையற்றவர்களை நீதிபதிப் பணியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்றது 2025 மார்ச்சில். தகுந்த ஆள் கிடைக்காத இடத்தை உடனே பொதுவில் போட்டு நிரப்பவும் கூடாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அப்போதும் ஆள் இல்லையென்றால் முதலில் எங்கள் பிரிவுகளுக்குள்ளேயே மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். "தகுந்த ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதுகிறபோது, அந்த ஆள் எந்தப் படியில் வழுக்கி உட்கார்ந்தான் என்று யாராவது பார்க்கிறார்களா?

நட்பு வட்டத்தில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள், தேர்வு டியூட்டிக்கும் போகிறீர்கள். அறை ஒதுக்குகிற இடத்தில் நீங்கள் இருந்தால் "தரைத்தளம்" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து கேட்டிலிருந்து ஒரு தடவை நடந்து பாருங்கள். மலையில் பெரும்பாலும் கேட்டுக்கு நேரே இருக்கும் மேல் மாடிதான் எங்களுக்குத் தரைத்தளம். சொல்வதை எழுத வருகிறவரிடம் முந்தின நாளே பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

டீக்கடை அண்ணனை அடுத்த தேர்வுக்குத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை யார் பார்ப்பது என்றுதான் யோசனையாம்.