மெட்ரோபோலிஸில் நடந்தது வேலைநிறுத்தம் அல்ல

“2010இல் அமெரிக்காவின் மெட்ரோபோலிஸ் ஊரிலுள்ள ஹனிவெல் யுரேனிய ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரையே ஆபத்தில் விட்டார்கள்” என்கிறீர்கள். அது வேலைநிறுத்தமே இல்லைங்க, கதவடைப்பு. பழைய ஒப்பந்தத்தின்படியே வேலையைத் தொடர்கிறோம் என்றது சங்கம். ஜூன் 28 அன்று நிர்வாகம்தான் 200க்கும் மேற்பட்டோரை வெளியே நிறுத்தியது. 2011 ஆகஸ்டில்தான் தகராறு தீர்ந்தது.

சரி, ஆபத்து? அங்கே தயாராவது யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு, அணு எரிபொருள் செய்யப் பயன்படும் வேதிப்பொருள். கசிந்தால் காற்றின் ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும், நுரையீரலை அரிக்கும். அனுபவசாலிகள் வாசலில் நிற்க, உள்ளே வேலை செய்தது மாற்று ஆட்கள். அவர்களுடைய தகுதித் தேர்வில் முறையற்ற உதவி நடந்ததைக் கண்டறிந்தது சங்கமல்ல, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். பழியை யார்மேல் போடுகிறீர்கள் பாருங்கள்.