48 சதவீதம் என்ற அந்த எண்

திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் நோயியல் மருத்துவர்களின் தொடர் கல்வி வெறும் மதிப்புப் புள்ளி சேர்க்கும் சடங்காகிவிட்டது என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார் அதன் கட்டுரையாளர். நானும் ஒரு நோயியல் மருத்துவர். மார்பகத் திசுவைப் பொறுத்தவரை இதை ஏற்க என்னால் முடியவில்லை.

2015-இல் ஜாமா என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். 115 நோயியல் மருத்துவர்கள் தலா 60 மார்பகப் பயாப்சி ஸ்லைடுகளைப் படித்தார்கள். ஊடுருவும் புற்றுநோயில் அவர்கள் முடிவு, மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவின் முடிவோடு 96 சதவீதம் ஒத்துப்போனது. ஆனால் புற்றுநோயும் அல்லாத, முழுக்கச் சாதாரணமும் அல்லாத ‘அட்டிப்பியா’ என்னும் செல் மாற்றத்தில் 48 சதவீதம்தான். பாதிக்கும் குறைவு! கண்காணிப்பு போதுமா, கத்தி வேண்டுமா என்று ஒரு பெண் தவித்து நிற்பது இந்த இடத்தில்தானே? வாரத்துக்குச் சில மார்பக ஸ்லைடுகளை மட்டும் பார்ப்பவர்களிடம் விலகல் இன்னும் கூடுதலாக இருந்தது.

இதைச் சொற்பொழிவு சரிசெய்யாது என்பதில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன். ஸ்லைடைத் தானே பார்த்து, முடிவை எழுதிவைத்து, பிறகு நிபுணர் சொல்லும் காரணத்தோடு ஒப்பிட வேண்டும். மார்பகத்தின் பால் நாளத்துக்குள் செல்கள் பலவிதமாகக் கலந்து ஓடுகின்றனவா, அல்லது ஒரே அச்சில் வார்த்தவைபோல நின்று விறைப்பான பாலங்களும் வட்டத் துளைகளும் அமைக்கின்றனவா? முன்னது தீங்கற்ற பெருக்கத்தின் அடையாளம்; பின்னது அட்டிப்பியாவையோ அதற்கும் மேலானதையோ சுட்டும். இந்த வேறுபாடு கண்ணில் பதிய நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள் தேவை.

பாடமும் நிற்பதில்லை. புற்றுநோய்ச் செல்களில் ஹெர்-2 என்னும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை 0 முதல் 3+ வரை மதிப்பிடும் பரிசோதனையில், முன்பு 1+ என்றால் ‘எதிர்மறை’ என எழுதி நகர்ந்துவிடுவோம். 2022-இல் ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் மருந்துக்கு அந்த நிலையிலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அன்றிலிருந்து 0-வா, 1+-ஆ என்பதே சிலருக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது.