கால வரிசை என்று சொல்லிக் கெடுக்காதீர்கள்

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைப் புதிதாகத் தொடங்குகிறவரிடம் "கதை நடக்கிற கால வரிசைப்படி பாருங்க" என்று சொல்கிறவர்களை என்ன செய்வது! நான்கு சீசனாகக் கட்டி எழுப்பிய மர்மத்தை முதல் நாளே உடைத்துவிடுகிறார்கள்.

'தி பிளான்' என்ற படம் வந்ததே தொடர் முடிந்த பிறகு, 2009 அக்டோபரில். கதை, எல்லாவற்றுக்கும் தொடக்கமான 2003 குறுந்தொடரில் சைலான்கள் என்ற இயந்திர இனம் மனிதர்களைத் தாக்கும் சமயத்தில் நடப்பதால் அதை முன்னால் தள்ளுகிறார்கள். ஐயா, மனிதர்களுக்குள் ஒளிந்திருக்கும் சைலான்கள் யார் யார் என்று அதில் வெளிப்படையாகவே வந்துவிடும். மூன்றாவது சீசனின் முடிவில் வயிற்றைப் பிசைகிற அந்த நடுக்கம் அப்புறம் எப்படி வரும்?

'ரேஸர்' என்ற இன்னொரு படத்தின் விஷயமும் அதேதான். கதைக்காலம் இரண்டாவது சீசன், ஆனால் ஒளிபரப்பானது 2007 நவம்பர். அதில் வரும் எச்சரிக்கை நான்காவது சீசனுக்குப் போட்ட அடித்தளம். இரண்டாவது சீசனில் செருகினால், இடையில் மூன்றாவது சீசனின் 20 எபிசோடும் ஓடி அது மறந்தே போகும்.

ஒளிபரப்பான வரிசையே போதும்: குறுந்தொடர், மூன்று சீசன், ரேஸர், நான்காவது சீசன், தி பிளான். 'காப்ரிகா' என்ற தனித் தொடர் முன்கதைதான், இருந்தாலும் கடைசியில் பாருங்கள். இன்னொன்று, நான்காவது சீசனை 2008 ஜூனில் பாதியில் நிறுத்தி 2009 ஜனவரியில்தான் தொடர்ந்தார்கள். அந்த இடத்தில் ஒரு நாளாவது நிறுத்துங்கள். 'அடுத்த எபிசோட்' தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், அந்தப் பாதியின் முடிவில் வரும் கடற்கரைக் காட்சி மனதில் இறங்கட்டும்.