ஈர விறகும் எரியுலையும்

போன மாதம் ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குப்பையை எடை போட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான்கு பேர் இருக்கும் வீடு, ஏழு நாளில் 12 கிலோ. அதில் 9 கிலோ சமையலறைக் கழிவு: வெங்காயத் தோல், சாம்பாரில் கிடந்த முருங்கைச் சக்கை, டீத்தூள், ஞாயிற்றுக்கிழமை மீன் செதில். பேப்பர், பால் கவர், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ சொச்சம். அதைப் பழைய பேப்பர் கடையில் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் யாருக்குமே வேண்டாததாக மிஞ்சியது பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே என்று 700 கிராம்.

இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் வட சென்னையில் குப்பை மேடு இருக்கும் கொடுங்கையூர். அங்கே நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்கிறார்கள். 2025 மே மாதம் வட சென்னை மக்கள் அதை எதிர்த்து மனிதச் சங்கிலியே நடத்தினார்கள். ஆனால் என் நண்பர்களில் பாதிப் பேர், "குப்பையும் ஒழியும், கரண்டும் கிடைக்கும், இதில் என்னய்யா தப்பு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மழைநாள் நின்றவர்கள், அது எப்படியாவது ஒழிந்தால் போதும் என்றுதான் நினைப்பார்கள்.

என் சந்தேகம் அடுப்பிலிருந்து தொடங்குகிறது. மழைக்காலத்தில் என் பாட்டி ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதாங்குழலோடு மல்லுக்கட்டுவார். விறகின் சூடெல்லாம் அதில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், மிச்சம் கண்ணெரிச்சல்தான். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் கழிவு. இதை டெல்லி 1987-லேயே பட்டுத் தெரிந்துகொண்டது. திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளுக்கு 300 டன் எரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். மூன்று வாரம் போல ஓடியது, நின்றுவிட்டது. ஆலை எதிர்பார்த்த சூட்டை அந்தக் குப்பையால் தர முடியவில்லை. நம்மூர் 2016 திடக்கழிவு விதிகளும், கிலோவுக்குக் குறைந்தது 1,500 கிலோகலோரி சூடு தரக்கூடிய, மறுசுழற்சி செய்ய முடியாத குப்பையைத்தான் எரிபொருளாகச் சொல்லின. என் 9 கிலோ அந்தக் கணக்கிலேயே வராது.

சரி, பிரித்துக் கொடுத்தால்? அங்கேதான் சிக்கல். ஈரத்தை எடுத்துவிட்டால் நன்றாக எரிவது பிளாஸ்டிக்கும் காகிதமும் அட்டையும். அதை நம்பித்தான் காயலான் கடைக்காரரும், விடியற்காலையில் சாக்கு மூட்டையோடு கிளம்புகிறவர்களும் பிழைக்கிறார்கள். உலையை ஒருமுறை மூட்டிவிட்டால் இரவு பகலாகத் தீனி போட வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பொதுவாக இருபது, இருபத்தைந்து வருடத்துக்குப் போடப்படுகின்றன. அத்தனை காலமும் குப்பை குறையாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். குப்பையைக் குறையுங்கள் என்று ஒரு பக்கம் பிரசாரம், குறையவே கூடாத உலை இன்னொரு பக்கம்.

"சிங்கப்பூரில் செய்யவில்லையா?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். 1979-இல் உலு பாண்டானில் தொடங்கியது அது. ஆனால் எரித்தாலும் சாம்பல் இருக்கிறதே. கடலை வளைத்துக் கட்டிய செமாக்காவ் தீவில் 1999 முதல் அதைக் கொட்டுகிறார்கள். அதுவே 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும் என்று வைத்தால்கூட, 2,100 டன்னுக்குத் தினமும் 400 டன்னைத் தாண்டும். நமக்கு செமாக்காவ் எங்கே இருக்கிறது?

கோபன்ஹேகன் உதாரணமும் வரும், கூரையில் பனிச்சறுக்கு விடுகிறார்களே, அந்த அமேகர் பாக்கே. அந்த ஆலை மின்சாரத்தோடு சேர்த்து ஊருக்கே வெந்நீரும் அனுப்புகிறது. குழாய் வழியாகப் போய் வீடுகளைச் சூடாக்குகிறது. ஆலை தரும் ஆற்றலில் பெரிய பங்கு அந்தச் சூடுதான். சென்னையில், மே மாதத்தில், யார் வீட்டுக்கு அதை அனுப்புவது? அத்தோடு, உள்ளூர்க் குப்பை போதாமல் அவர்களே வெளிநாட்டுக் குப்பையை வரவழைத்து எரித்தார்கள்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். டெல்லியில் குப்பையை எரிக்கும் ஓக்லா ஆலை 2012-இல் தொடங்கியபோது 16 மெகாவாட். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்றே 210. ஆக, இது மின்சாரத்துக்காகக் கட்டும் ஆலை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

புகை விஷயத்தில் நான் பயமுறுத்த விரும்பவில்லை. 850 டிகிரிக்கு மேல் இரண்டு நொடியாவது வாயுவை வைத்திருந்து, பிறகு சட்டென்று குளிரவைத்து, சுண்ணாம்பு, கரித்தூள், பை வடிகட்டி எல்லாவற்றிலும் விட்டால், குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் என்ற நச்சை வெகுவாகக் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஈரக் குப்பை உள்ளே விழும்போதெல்லாம் சூடு இறங்கப் பார்க்கும். தூசியையும் கந்தக வாயுவையும் போல டையாக்சினைச் சாதாரணமாகத் திரையில் நொடிக்கு நொடி பார்க்க முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எடுக்காத நாட்களில் என்ன வந்தது என்று யார் சொல்வார்கள்? மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் நிலக்கரிச் சாம்பல், அதற்கு நடுவில் இந்தக் குப்பை மேடு என்று எல்லாவற்றையும் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கும் பகுதியிடம் "எங்களை நம்புங்கள்" என்று சொல்ல, தனித் தைரியம் வேண்டும். இதே ஆலையை, வசதியானவர்கள் இருக்கும் தென் சென்னை அடையாறில் வைப்பதாக யாராவது பேச்சுக்காவது சொன்னார்களா?

என் கட்சி இதுதான்: முதலில் அந்த 9 கிலோவுக்கு வழி செய்யுங்கள். உரமோ, சாண எரிவாயு போல ஒரு கலனோ, வட்டத்துக்கு ஒன்று வைத்து ஓட்டிக் காட்டுங்கள். அது பிரிந்துவிட்டால் இரண்டு கிலோ தானாகவே கடைக்குப் போய்விடும். அப்புறம் மிச்சத்தை எரிக்க எத்தனை பெரிய உலை வேண்டும் என்று உட்கார்ந்து பேசலாம். அது 2,100 டன்னாக இருக்காது என்பது என் ஊகம்.

அந்த 700 கிராம் பை இன்னும் எங்கள் பின்கட்டில்தான் தொங்குகிறது. பேப்பர் கடைக்காரரிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யார் சார் எடுப்பாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.